பந்திக்கு முன் ஒரு பரிசோதனை

நம் சங்கத்தின் பொங்கல் விழாவிலும் அன்னதானத்திலும் பந்தி எத்தனை சிறப்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பந்தியைப் பற்றியே ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன்.

டைபாய்டு வந்து குணமானவர்கள் நம் குடும்பங்களில் ஏராளம். காய்ச்சல் விட்டாலும் எல்லோரையும் கிருமி விடுவதில்லை. ஏறக்குறைய நூற்றுக்கு 2 முதல் 5 பேரிடம் அது ஓராண்டுக்கு மேலும் தங்கிவிடுகிறது. தங்குமிடம் பித்தப்பை.

பித்தப்பையில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் காரணம் குடலில் வழக்கமாக இருக்கும் ஈ.கோலை போன்ற கிருமிகள்தான். அபூர்வமாக டைபாய்டுக் கிருமியும் அந்த வேலையைச் செய்யும். பித்தநீரைத் தாங்கும் சக்தி அதற்கு உண்டு. பித்தக்கல் இருந்தால் அதன்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். மருந்து எளிதில் எட்டாது. அந்த ஆளோ நலமாகவே இருப்பார். மலத்தில் வெளியேறும் கிருமி, சரியாகக் கழுவாத கை வழியாகச் சோற்றில் சேரும்.

நியூயார்க்கில் வீடுகளில் சமையல் செய்த மேரி மாலன் இப்படிப்பட்டவர். 1907இல் கண்டுபிடித்து அடைத்து வைத்தார்கள். சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1910இல் விட்டார்கள். வேறு வேலையில் கூலி போதவில்லை; மறுபடி கரண்டி பிடித்தார். 1915இல் அவர் சமைத்த மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு. 2 பேர் இறந்தனர். மீண்டும் ஒரு தீவில் வைக்கப்பட்ட அவர், 1938இல் அங்கேயே காலமானார். கிருமியைக் கண்டார்கள், அவருடைய பிழைப்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

உணவுத் தொழில் செய்வோருக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், சமைப்பவருக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசியும் வேண்டும் என்கின்றன. நம் விழாக்களில் இதைக் கேட்பார் இல்லை. ஊசி மட்டும் போதாது. ஏற்கெனவே பித்தப்பையில் குடியிருக்கும் கிருமியை அது விரட்டாது. மலத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒருமுறைக்கு மேலும் தேவைப்படலாம்.

'சமையல்காரரைச் சந்தேகிப்பதா?' என்று சிலர் கேட்கலாம். செலவைச் சங்கம் ஏற்கட்டும். கிருமி இருந்தால் சிகிச்சை முடியும்வரை சமையலுக்குப் பதில் வேறு வேலை கொடுத்து, கூலியைக் குறைக்காமல் இருக்கட்டும். பந்தி பரிமாறும் நாமும் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. பித்தப்பைப் புற்றுநோய் தெற்கைவிட இந்த வடக்கில் மிக அதிகம், பெண்களுக்கே அதிகம். பித்தக்கல்லோடும், நெடுநாள் தங்கும் டைபாய்டுக் கிருமியோடும் அதற்குத் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வலது விலாவின் கீழ் வலியும் காய்ச்சலும் வந்தால், வாயு என்று ஓமத்திரவம் குடித்துப் படுக்காமல் டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். அன்பர்கள் ஆதரிக்க வேண்டும்.