ரீடிங்கைத் திருத்தலாமா?

முதல் வருடம் லேபில் ஊசல் சோதனை செய்தபோது, புவியீர்ப்பு முடுக்கம் எனக்கு 941 என்று வந்தது. “980 வர்ற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதிடுடா” என்றார் ஒரு சீனியர் அண்ணன். எழுதினேன். கையெழுத்தும் விழுந்தது. குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்திவிட்டேன் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது!

1890-களின் தொடக்கத்தில் ராலே பிரபு நைட்ரஜனை எடை போட்டார். காற்றிலிருந்து பிரித்தது லிட்டருக்கு 1.2572 கிராம், சேர்மங்களிலிருந்து எடுத்தது 1.2505. நூற்றுக்கு அரைப் பங்குதான் வித்தியாசம். நாமாக இருந்தால் “எங்கேயோ லீக்” என்று சமாளித்திருப்போம். அவர் திரும்பத் திரும்ப எடை போட்டார். ‘நேச்சர்’ இதழில் காரணம் கேட்டு 1892-ல் கடிதமே எழுதினார். 1894-ல் அவரும் ராம்சேயும் கண்டுபிடித்தது ஆர்கான். டிக் வெல்டிங்குக்குச் சிலிண்டரில் வருதே, அதே வாயுதான். காற்றில் ஏறக்குறைய 1 சதவீதம் இருந்தும் அதுவரை யாருக்கும் தெரியாது.

நம்மை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விடை தப்பானாலும், ஏன் தப்பியது என்று எழுதினால் மார்க் உண்டு என ஆசிரியர்கள் அறிவிக்கட்டும். அப்புறம் யார் திருத்தப் போகிறார்கள்?

என் 941 ரெக்கார்டில் இல்லை. ரஃப் நோட்டில் பென்சிலில் இன்னும் இருக்கிறது.