மின்சாரக் காரும் மக்கள் பாடும்

டோர்ச் விளக்குக்கு இடும் சின்னஞ்சிறு பற்றரி ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தமைக்காகச் சோதனைச் சாவடியிலே தலைகுனிந்து நின்ற மக்கள் நாம். 1990ஆம் ஆண்டுகளிலே வடக்கிற்குப் பெற்றோல் போகலாகாது, டீசல் போகலாகாது, பற்றரியும் போகலாகாது என்று அன்றைய அரசாங்கம் தடை விதித்தது. யாழ்ப்பாணத்து மக்கள் அதற்காக முடங்கிக் கிடந்தார்களா? பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். அன்று பற்றரியைப் பறித்த அதே நாட்டில், இன்று பற்றரியாலேயே ஓடும் மோட்டார்க் காரை வாங்குங்கள், வாங்குங்கள் என்று பக்கம் பக்கமாக விளம்பரம் வருகிறது. காலத்தின் கோலத்தை என்னென்பது!

பழைய புண்ணைக் கிளறுவதற்காக இதனை நாம் எழுதவில்லை. எரிபொருளின் திறவுகோல் எவன் கையில் இருக்கிறதோ, அவன் கையிலேதான் மக்களின் நடமாட்டமும் இருக்கிறது. இப்பாடத்தை வடக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே படித்துவிட்டது. 2022ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதும் அதனைப் படித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று அரசாங்கம் கைவிரித்தது. எண்ணெய்க் கப்பல் கடலிலே நின்றது. கொடுக்கக் காசில்லாததால் எண்ணெய் கரைக்கு வரவில்லை. எரிபொருள் நிலையங்களின் முன்னே மைல் கணக்கில் வரிசை நீண்டது. வரிசையிற் காத்து நின்றபடியே உயிர் நீத்தோரும் உண்டு. யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவர்க்கும் எண்ணெய் இல்லை என்றார்கள். யூலையிலே கியூ.ஆர். அட்டை வந்தது, இத்தனை லீற்றருக்கு மேல் உனக்கு இல்லை என்று இயந்திரம் சொல்லக் குடிமகன் கேட்டு நின்றான்.

ஆதலால், எண்ணெய்க் காரை விட்டு மின்சாரக் காருக்கு மாறலாமா என்ற கேள்வி, செல்வர்கள் விருந்து மண்டபத்திலே பேசிப் பொழுது போக்குவதற்குரிய கேள்வியன்று. அது நாட்டின் வயிற்றைத் தொடும் கேள்வி. இதிலே ஒரு சாரார், மின்சாரக் கார் வந்தாற் கலியுகம் போய்க் கிருதயுகம் வந்துவிடும் என்கின்றனர். மற்றொரு சாரார், அது வெறும் ஏமாற்று வித்தை, பற்றரி செத்தாற் பிணம் என்கின்றனர். இரு சாரார் வழக்கையும் கேட்டே தீர்ப்புக் கூற வேண்டும்.

நன்மை என்ன?

முதலில் நன்மையை மறைக்காது கூறுவோம். பெற்றோல் எஞ்சின் தான் குடிக்கும் எண்ணெயின் சக்தியிலே ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையே சக்கரத்திற்குக் கொடுக்கிறது. மிஞ்சியது சூடாகவும் புகையாகவும் வீணே கழிகிறது. மின் மோட்டாரோ தான் பெறும் சக்தியில் ஐந்தில் நாலு பங்குக்குக் குறையாமல் ஓட்டமாக மாற்றுகிறது. நடுத்தரமான மின்சாரக் கார் நூறு கிலோமீற்றர் ஓடுவதற்கு 15 முதல் 20 அலகு மின்சாரம் போதும். அதே தூரத்திற்குப் பெற்றோல் கார் ஆறேழு லீற்றர் குடிக்கும். எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை, புகைக்குழாய் இல்லை, கிளச் தேய்வதில்லை. நகரத்துத் தெருவோரத்திலே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பள்ளிப் பிள்ளையின் மூக்கிலே கரும்புகை ஏறுவதுமில்லை.

இவற்றினும் பெரிய நன்மை வேறொன்று உண்டு. மின்சாரத்தை இந்நாட்டின் ஆறு தரும், வெயில் தரும், காற்றுத் தரும். பெற்றோலை ஒரு துளியேனும் இந்த மண் தராது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டொன்றுக்கு நானூறு கோடி டொலருக்கு மேல் எரிபொருளுக்காக வெளியே போயிற்று. மலையகத்துத் தாய்மார் மழையிலும் அட்டைக் கடியிலும் கிள்ளிய கொழுந்தெல்லாம் தேயிலையாகி விற்ற காசு, அதிற் பாதியை நிரப்பவும் போதவில்லை. அந்தத் தாய்மாரின் வியர்வை நம் கார்களின் புகைக்குழாய் வழியே காற்றிற் கலக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

தீமை என்ன?

இனி எதிர்வழக்கைக் கேட்போம். புகை ஒழிந்ததா, இடம் மாறியதா என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. நுரைச்சோலையிலே 900 மெகாவாற்று வலுவுள்ள நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. நிலக்கரியும் கப்பலிலே வருவதுதான். அதற்கும் டொலர்தான் கொடுக்கிறோம். அதன் சாம்பல் கொழும்பிலே கார் ஓட்டுபவன் வீட்டு முற்றத்தில் விழுவதில்லை. கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டக்காரனின் பயிரிலும் மீனவனின் குடிசையிலும் விழுகிறது. சுன்னாகத்தை நாம் மறந்துவிட்டோமா? எண்ணெய் மின்நிலையத்தின் கழிவு நிலத்தடி நீரிற் கலந்து, கிணற்றைத் திறந்தால் எண்ணெய் மணம் வந்த கதையிலே, 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமே நட்டஈடு விதிக்க நேர்ந்தது. மின்சாரம் சுத்தமானது என்று பேசுவோர், அது எங்கே, எவ்வாறு பிறக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசுதல் வேண்டும்.

எனினும் இந்த வாதத்தை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்ல நாம் உடன்படோம். 2024ஆம் ஆண்டில் இலங்கையின் மின்சாரத்தில் ஏறக்குறைய அரைப்பங்கு நீரிலும் வெயிலிலும் காற்றிலும் பிறந்தது. பற்றரி செய்யும்போது எழும் புகையைக் கணக்கிற் சேர்த்தாலும், பல ஆண்டுகள் ஓடியபின் மின்சாரக் காரின் பாவக் கணக்கே சிறியதாகும். நிலக்கரி நிலையத்தைக் காட்டி எண்ணெய்க் காருக்கு வக்காலத்து வாங்குவது, அடுத்த வீட்டுக்காரன் களவெடுத்தான் என்று கூறித் தன் களவை நியாயப்படுத்துவது போன்றதே.

பற்றரியைப் பற்றிய குற்றச்சாட்டு இன்னும் கடுமையானது. காரின் விலையிலே பெரும்பங்கு பற்றரியின் விலை. 2014, 2015ஆம் ஆண்டுகளிலே பாவித்த ஜப்பானிய மின்சாரக் கார்கள் இந்நாட்டிலே வந்து குவிந்தன. குளிர்விக்கும் ஏற்பாடில்லாத அந்தப் பற்றரிகள் நம் வெயிலிலே வெதும்பின. நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடுமென்று நம்பி வாங்கியவர்கள், அதிற் பாதி தூரத்தையே காணும் நிலைக்கு வந்தனர். இன்று வரும் பற்றரிகள் அவற்றினும் திருந்தியவை என்பது மெய்யே. ஆனால், அவையும் ஒருநாள் மூப்பெய்தும். அன்று அந்தப் பாரத்தை எங்கே போடுவது? பழைய இரும்புக் கடையிலா, கடலிலா? உலகத்துக் கோபால்ட்டில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் கொங்கோ நாட்டிலே தோண்டப்படுகிறது; அங்கே சிறுவர்களும் குழியில் இறங்குகிறார்கள். கோபால்ட் வேண்டாத இரும்புப் பொசுபேற்றுப் பற்றரிகள் இன்று பெருகி வருவது ஆறுதல். வாங்குபவன் அதனைக் கேட்டு வாங்கினாற்றானே விற்பவன் அதனைக் கொண்டு வருவான்?

மாலை நேரத்து ஆபத்து

யாவற்றிலும் பெரிய ஆபத்தைப் பற்றி இந்நாட்டிற் பேசுவோர் குறைவு. மாலை ஆறரை மணி தொடக்கம் இரவு பத்தரை மணி வரையுமே மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். வேலை முடிந்து வீடு வந்தவன், சட்டையைக் கழற்றுமுன் காரை மின்சாரத்திற் கொழுவுவான். ஒரு காருக்கு மூன்று கிலோவாற்று என்று வைப்போம். ஓர் இலட்சம் கார்களை ஒரே நேரத்திற் கொழுவினால் 300 மெகாவாற்று. அது நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களில் ஒன்றின் முழு வலுவாகும்! அந்தச் சுமையைத் தூக்க மின்சார சபை எதை எரிக்கும்? டீசலை எரிக்கும். காரிலே ஊற்றாத எண்ணெயை மின்நிலையத்திலே ஊற்றிவிட்டு நாட்டைக் காத்தோம் என்று மார்தட்டுவதா? 2025 பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று பாய்ந்ததனால் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியது. ஒரு குரங்கைத் தாங்க மாட்டாத வலையமைப்பு, ஓர் இலட்சம் கார்களைத் தாங்குமா?

இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்றையும் கேளுங்கள். அதே 2025ஆம் ஆண்டு ஏப்ரலிலே, புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை குறைந்தபோது, வீட்டுக் கூரையிற் சூரிய மின்தகடு பூட்டியவர்களை நோக்கி, பகலில் அதனை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலிலே வெயில் தரும் மின்சாரத்தைக் கொள்ள ஆளில்லை. இரவிலே டீசல் எரிக்கிறோம். மழை பெய்யும்போது குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெயில் வந்ததும் தண்ணீருக்கு அலையும் பேதைமை இதுவன்றோ? மின்சாரக் கார் என்பது சக்கரம் பூட்டிய பற்றரி. பகலிலே கந்தோர் வாசலிலும் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் நிற்கும் வண்டிகளிலே அந்த வெயிலை நிரப்பினால், மாலை நேரத்து ஆபத்தே நாட்டிற்கு உபகாரமாக மாறும். ஆபத்தா, உபகாரமா என்பது வண்டியைப் பொறுத்ததன்று. எந்த நேரத்திற் கொழுவுகிறோம் என்பதைப் பொறுத்தது. அந்நேரத்தை விலையினாலும் வசதியினாலும் வகுத்துக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை.

நோர்வேயைப் பார் என்கின்றனர்!

நோர்வேயிலே 2024ஆம் ஆண்டில் விற்ற புதிய கார்களிற் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்று கேட்கின்றனர். நோர்வேயைப் பார்க்கத்தான் வேண்டும். முழுதாகப் பார்க்க வேண்டும். அந்நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி மலையருவியிலே பிறக்கிறது. தன் கடலிலே எடுத்த எண்ணெயை உலகத்திற்கு விற்று அந்நாடு செல்வம் சேர்த்தது. 1990ஆம் ஆண்டுகள் தொடக்கமே மின்சாரக் காருக்கு வரி விலக்கு அளித்து, ஒரு தலைமுறைக் காலம் கொள்கை மாறாது நின்றது. நம்மிடம் எண்ணெய் விற்ற செல்வமும் இல்லை. நிலைத்த கொள்கையும் இல்லை. ஓர் ஆண்டு வரியைக் குறைப்பர். மறு ஆண்டு கூட்டுவர். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதியை மூடினர். 2025 பெப்ரவரியிலே தனியார் வாகனங்களுக்குத் திறந்தனர். திறந்த அவ்வாண்டிலேயே வாகனங்களுக்காக நூறு கோடி டொலருக்கு மேல் வெளியே போயிற்று. எண்ணெய்க்குப் போகும் டொலரை மிச்சம் பிடிப்பதற்காகக் காருக்கு டொலரை வாரி இறைப்பது எந்தக் கணக்கிலே சேரும்?

இங்கேதான் நமது குற்றச்சாட்டு. மின்சாரத்திற்கு மாறுவது சரி. யார் முதலில் மாறுவது என்ற வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. இந்நாட்டிலே பதிவான வாகனங்களிற் சரிபாதிக்கு மேல் மோட்டார்ச் சைக்கிள்கள். முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்திற்கு மேல். 2022ஆம் ஆண்டிலே வரிசையில் நின்று நொந்தவர்களில் இவர்களே அநேகர். முச்சக்கர வண்டிக்காரனுக்கு எண்ணெய் இல்லையேல் அன்றிரவு அடுப்பில்லை. அவன் நாளொன்றுக்கு ஓடும் தூரத்திற்குச் சிறு பற்றரி போதும். பஸ்ஸோ ஒரே ஓட்டத்தில் ஐம்பது பேரைச் சுமக்கிறது. இரவிலும் பகலிலும் ஓய்வெடுக்கும் இடமும் நேரமும் அதற்கு முன்கூட்டியே தெரியும். இவர்களையெல்லாம் பின்னால் நிறுத்திவிட்டு, ஒருவன் தனியே அமர்ந்து போகும் இரண்டு தொன் பாரக் காரை முன்னால் நிறுத்தி, இதுவே பசுமைப் புரட்சி என்று பறையறைவது ஏழையின் இலையிற் பரிமாறாமல் செல்வனின் இலையிலே இரண்டாம் முறை பரிமாறுவது போன்றதாகும்.

ஆகவே நாம் கேட்பது இது. முதலிலே பஸ், அதனோடு முச்சக்கர வண்டியும் மோட்டார்ச் சைக்கிளும், அவற்றின் பின்னரே தனியார் கார். பழைய முச்சக்கர வண்டியின் எஞ்சினைக் கழற்றி மின் மோட்டார் பூட்டுவதற்கு ஏழையும் அடைக்கக்கூடிய வட்டியிலே கடன் வேண்டும். பகலிலே மலிவு விலையில் மின்சாரம் நிரப்பும் நிலையங்கள் கொழும்பின் சுற்றாடலில் மட்டுமன்றி, கொழும்பிலிருந்து நானூறு கிலோமீற்றர் தூரத்திலுள்ள யாழ்ப்பாணம் வரை, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும், கிழக்கே மட்டக்களப்பிலும், மலையகத்திலே ஹற்றனிலும் அமைதல் வேண்டும். பற்றரியை இறக்கியவனே மூப்பெய்திய பற்றரியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சட்டம் இயற்றுதல் வேண்டும்.

காற்றாடியும் சூரியத் தகடும் எழும் மண்ணிலே வாழும் மக்களைக் கேளாமல் எதுவும் செய்தல் ஆகாது. 2025ஆம் ஆண்டிலே மன்னார் மக்கள் காற்றாலைத் திட்டங்களுக்கு எதிராகத் தெருவில் இறங்கியது, மின்சாரத்தின் மேலுள்ள வெறுப்பினால் அன்று. தம் மண்ணிலே பிறக்கும் மின்சாரத்தின் நன்மை வேறோரிடம் போக, வெள்ளமும் இழப்பும் தமக்கே மிஞ்சும் என்ற அச்சத்தினால் இறங்கினர். மன்னார் வீட்டிலே விளக்கு எரியாமல் கொழும்புக் காரிலே சக்கரம் சுழல்வதை எந்த மக்களும் நெடுங்காலம் பொறுக்க மாட்டார்கள்.

மண்ணெண்ணெயிலே கார் ஓட்டிக் காட்டிய மக்களுக்குப் புதிய பொறியைக் கண்டு அச்சமில்லை. நமக்கு அச்சமெல்லாம் பழைய அநீதி புதிய பொறியிலே ஏறி வருவதைப் பற்றியதே. மின்சாரம் வரட்டும். ஆனால் 2022ஆம் ஆண்டிலே வெயிலில் வரிசையாக நின்ற அதே மக்கள், மின்சாரம் நிரப்பும் நிலையத்தின் முன்னும் கடைசியில் நிற்கும்படி விடலாகாது. அப்படி விட்டால், எண்ணெய் மணம் போய்விடும். வரிசை மட்டும் போகாது.