ஸ்க்ரூவை அடிக்காதீர்கள்

போன மாதம் எங்கள் வீட்டுப் பரண் கதவு கீலோடு பிய்ந்து விழுந்தது. ஒரு நிமிஷம் முன்புவரை அதன் கீழேதான் பேத்தி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

எடுத்துப் பார்த்தேன். சில ஸ்க்ரூக்கள் கழுத்தில் முறிந்திருந்தன. மற்றவை மரத்தூளோடு கையில் வந்தன. எல்லாம் கறுப்பு ஸ்க்ரூ. அது ஜிப்சம் பலகைக்காக வந்தது. கடினமானது, ஆனால் வளையாது. பாரம் ஏறினால் ஒடிந்துவிடும். ஈரம் பட்டால் துருவும் பிடிக்கும். மலிவு என்று கதவுக்கும் அதையே போடுகிறார்கள். பாரம் தாங்கும் இடத்துக்கு அது ஆகாது என்பதே என் கட்சி.

இன்னொரு பழக்கம், முக்கால்வாசி சுத்தியலால் அடித்துவிட்டுக் கடைசி இரண்டு சுற்று மட்டும் திருப்புவது. மரத்தைப் பிடிப்பது மரைதான். அடித்தால் நார் கிழிந்து பிடிப்புப் போய்விடும். அப்புறம் அது வெறும் ஆணி.

எங்கள் அப்பா காலத்து ஆசாரி முதலில் சின்னத் துளை போடுவார். மெழுகு தடவித் திருப்புவார். தேக்கில் பித்தளை ஸ்க்ரூ என்றால், முதலில் இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி வழி செய்துவிட்டுத்தான் பித்தளையைப் போடுவார். மென்மையான பித்தளை முறியாமல் இருக்க அதுதான் வழி.

இதைச் சொன்னதும் தச்சர் தம்பி கேட்டார்: "அதுக்கெல்லாம் நேரம் யார் சார் கொடுக்கறாங்க?"

நியாயம்தான். கூலியில் பேரம் பேசி, ஒரே நாளில் முடிக்கச் சொன்னவன் நான்தானே. இந்த முறை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவை நானே வாங்கிக் கொடுத்தேன். துளை போட அரை நாள் கூலியும் சேர்த்து.