முளையும் விளைச்சலும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது முன்னோர் வாக்கு. நாஞ்சில் நாட்டு உழவர் இதனை மறுப்பதில்லை. ஆயினும் முளையை மட்டும் பார்த்து அவர் நெல்லுக்கு விலை பேசியதும் இல்லை. பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைவரம்பு வரை வந்து சேருமா என்று பார்த்த பின்னரே கன்னிப்பூவையும் கும்பப்பூவையும் கணக்கிடுவார். இளம்பெண்கள் விளையாட்டில் நாளைய வெற்றியாளர் யார் என்று இன்றே அறுதியிட்டுக் கூறும் அன்பர்கள் முளையைப் பார்க்கிறார்கள். தண்ணீரைப் பார்ப்பதில்லை என்பதே எம் கருத்து.

சதுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 20 வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலக இளையோர் பட்டத்தை 2001-இல் கோனேரு ஹம்பியும், 2008-இல் ஹரிகாவும், 2009-இல் சௌம்யா சுவாமிநாதனும், 2024-இல் திவ்யா தேஷ்முக்கும் நம் நாட்டுக்குக் கொணர்ந்தனர். ஹம்பி மறு ஆண்டே, 15 வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆனார். திவ்யா 2025-இல் ஜார்ஜியாவின் பத்தூமி நகரில் மகளிர் உலகக் கோப்பையை வென்றார். இறுதியில் அவரிடம் தோற்றவர் அதே ஹம்பி. குறி சொல்வோர்க்கு இவை இனிக்கும் சான்றுகள். ஆனால் 2018 முதல் 2025 வரை ஐந்து முறை மகளிர் உலகப் பட்டம் வென்ற சீனத்தின் ஜூ வென்ஜுனின் பெயரை இளையோர் பட்டம் வென்றோர் வரிசையில் தேடினால் காண இயலாது. அவருக்கு முன் அரியணையில் இருந்தோருள் ஒருவரான ஹௌ யிஃபானின் பெயரும் அங்கில்லை.

நம் தமிழ்நாட்டு வைஷாலியின் வரலாறு இன்னும் தெளிவாகப் பேசும். 2012-இல் 12 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம், 2015-இல் 14 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம். அன்று எல்லாரும் அவரை முளை என்றார்கள். அதன்பின் தம்பி பிரக்ஞானந்தா 2018-இல், 12 வயதிலேயே, கிராண்ட்மாஸ்டர் ஆனபோது பேச்செல்லாம் தம்பியைப் பற்றியதாயிற்று. கிராண்ட்மாஸ்டர் தகுதிக்குரிய 2500 புள்ளியை அக்காள் கடந்தது 2023 இறுதியில்தான். மறு ஆண்டு டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் தொடர்ந்து நான்கு ஆட்டங்களைத் தோற்றார். அந்நாளில் அவரைக் குறித்துக் குறி கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கடைசி ஐந்து ஆட்டங்களையும் வென்று இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார் அவர். மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியை 2023-இலும் 2025-இலும் அடுத்தடுத்து வென்றவரும் அவரே.

பனித்தரை நடனச் சறுக்கலில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. பதின்மூன்று வயதின் மெல்லிய உடல் காற்றில் மும்முறை சுழலும். உடல் வளர்ந்த பின் அதே சுழற்சி கைகூடுவதற்கு உறுதி இல்லை. அமெரிக்காவின் அலிசா லியூ 2019-இல், 13 வயதில், அந்நாட்டு முதல் பட்டத்தை வென்றார். 2022-இல், 16 வயதில், போதும் என்று விலகினார். அவர் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். திரும்பி வந்து 2025-இல் உலகப் பட்டமும், 2026-இல் மிலான் ஒலிம்பிக்கில் தங்கமும் பெற்றார். ஜப்பானின் மாவோ ஷிமாதா 2023 முதல் 2025 வரை மூன்று ஆண்டும் இளையோர் உலகப் பட்டம் வென்றவர். மூத்தோர் பிரிவுக்கு 17 வயது நிரம்ப வேண்டும் என்ற விதியால் மிலானுக்குச் செல்லும் தகுதியே அவருக்கு இல்லாமற் போயிற்று. சிறுமியரைச் சிறுமியராகவே சில காலம் விட்டுவைக்கும் அவ்விதியை யாம் வரவேற்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். நாமும் குறி சொல்லுகிறோம். ஆனால் வேறு வகையில். "பத்தாம் வகுப்பு வரை ஆடட்டும், பிறகு தானே விட்டுவிடுவாள்" என்பதே இங்கு நாம் அடிக்கடி கேட்கும் குறி. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டமாக நின்ற குமரி மாவட்டத்தில் இச்சொல் ஒலிக்கிறது. இது பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. ஏன் பலிக்கிறது? சொன்னவர் கையில்தான் பயணச் செலவுக்கான பணம் இருக்கிறது. வெளியூர்ப் போட்டிக்கு உடன் செல்ல வேண்டியவரும் அவரே. மடையை அடைத்தவரே பயிர் வாடும் என்று முன்கூட்டிச் சொல்வதில் என்ன வியப்பு?

பெரியோர்களின் அச்சத்தை யாம் எள்ளவில்லை. பொதுத்தேர்வு உண்மையானது, வெளியூரில் தங்குமிடம் பற்றிய கவலையும் உண்மையானது. சென்னையில் ஆட்டோ ஓட்டும் தந்தையின் மகளான காசிமாவின் வீட்டிலும் செலவு ஒரு சுமையாகத்தான் இருந்திருக்கும். அவர் 2024-இல், 17 வயதில், அமெரிக்கா சென்று கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் பெற்றுத் திரும்பினார். கேரம் பலகை நம் தெருக்களிலும் உண்டு. அதனைச் சுற்றி நிற்போர் அனைவரும் ஆண்பிள்ளைகளாக இருப்பது மட்டுமே வேறுபாடு.

எம்மிடமே ஒரு பெயர் கேட்பீர்களாயின், இலண்டனில் வளரும் தமிழ்ச் சிறுமி போதனா சிவானந்தனைச் சொல்வோம். ஐந்து வயதில், பெருந்தொற்று ஊரடங்கின்போது ஆடத் தொடங்கி, 2025-இல், பத்து வயதில், ஒரு கிராண்ட்மாஸ்டரை வென்றவர். ஆயினும் அவர் பெற்ற வெற்றியைவிட, பதினாறு வயதிலும் அவர் பலகையின் முன் அமர்ந்திருப்பாரா என்பதே எமக்குப் பெரிய வினா.

நம் ஊர்ப் பெண்களைப் பொறுத்தவரை குறி சொல்வதை நிறுத்திக் கணக்கெடுக்கத் தொடங்கலாம். பத்தாம் வகுப்பில் பள்ளிக்காக ஆடிய மாணவியருள் பதினோராம் வகுப்பிலும் ஆடுவோர் எத்தனை பேர், விட்டவர் எக்காரணத்தால் விட்டார், வெளியூர் செல்ல உடன் வரும் ஓர் ஆசிரியையும் வழிச்செலவும் கிடைத்தால் எத்தனை பேர் திரும்புவர் என்பதை நம் மாணவியரே ஊர் ஊராகச் சென்று கேட்டு எழுதட்டும். அடுத்த மலரில் அப்பட்டியலுக்கென நான்கு பக்கங்கள் ஒதுக்குமாறு மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.