நிழலைப் பார்க்காத புவியியல்

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மதராசி கேம்ப் பிள்ளைகளுக்குப் புவியின் அச்சுச் சாய்வைச் சொல்லிக்கொடுத்தீர்களாமே? வீடிழந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?" அவர் இரக்கத்தோடுதான் கேட்டார். ஆயினும் அந்த இரக்கத்தை நான் மறுக்க வேண்டியவனாக இருக்கிறேன்.

அறியாதவர்களுக்காக: மதராசி கேம்ப் என்பது டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்த குடியிருப்பு. உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2025 ஜூன் 1 அன்று ஏறத்தாழ 370 வீடுகள் கொண்ட அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கே, ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கப்பட்டது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் வார இறுதிகளில் நான் அங்கே பாடம் நடத்தி வந்தேன்.

முதல் வகுப்பில், "டெல்லியில் ஏன் இவ்வளவு குளிர்?" என்று கேட்டேன். "சூரியன் தள்ளிப் போயிடுதுல்ல அண்ணா" என்றார்கள். அதே விடையை முதுகலை மாணவர்களிடமும் கேட்டிருக்கிறேன். இப்பிழைக்கு வறுமை காரணமன்று. நாம் வரையும் படமே காரணம். ஏறத்தாழ வட்டமாகவே இருக்கும் புவியின் பாதையைச் சாய்கோணத்தில் வரைந்து, முட்டை வடிவாக்கி, விளக்கமின்றி விட்டுவிடுகிறோம். உண்மையில் ஜனவரித் தொடக்கத்தில்தான் புவி சூரியனுக்கு மிக அருகில், 14.71 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் அத்தொலைவு 15.21 கோடி கி.மீ. டெல்லி நடுங்கும் நாள்களில் புவி முழுமைக்கும் கிடைக்கும் கதிராற்றல், ஜூலையைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதி! தொலைவே காரணமெனில் ஜனவரியில் மெல்போர்னும் நடுங்க வேண்டும். அங்கோ அப்போது கோடை.

எனவே படத்தை விட்டுவிட்டு ஒரு மீட்டர் மூங்கில் கழியைச் சந்தில் நட்டோம். டெல்லியின் நண்பகல் கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை. டிசம்பரில் ஏறத்தாழ 12.20க்கு வருகிறது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, டெல்லியோ 77.2 பாகையில் உள்ளது. புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால் இந்தத் தாமதம். இரவையும் பகலையும் உண்டாக்கும் தன்சுழற்சியைப் பிள்ளைகள் அந்த இருபது நிமிடக் காத்திருப்பில் கண்டுகொண்டார்கள்.

டிசம்பர் 22 அன்று கழியின் நிழல் 1.28 மீட்டர், சூரியன் அடிவானிலிருந்து 38 பாகை உயரத்தில். ஜூன் 21 அன்று நிழல் 9 சென்டிமீட்டர். சூரியன் ஏறத்தாழ 85 பாகை உயரத்தில். தாழ்ந்த கதிர் அதிக நிலப்பரப்பில் பரவி வலுவிழக்கிறது. பகலும் 14 மணி நேரத்திலிருந்து 10 மணி 20 நிமிடமாகச் சுருங்குகிறது. இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே: 23.4 பாகை சாய்ந்த அச்சு, ஆண்டு முழுவதும் ஒரே திசையை நோக்கியபடி புவி சூரியனைச் சுற்றி வருவது.

அந்த ஜூன் மாதத்தில், வீட்டுவேலை முடித்துத் திரும்பிய ஒரு மூதாட்டி கழியருகே நின்று சொன்னார்: "எங்க ஊருல இந்த மாசம் உச்சி வேளைக்கு நெழலு தெக்க சாயும் தம்பி. இங்க எப்பவும் வடக்கதான்." அவர் ஊர் விழுப்புரம் பக்கம். விழுப்புரம் 12 பாகை வடக்கு அட்சத்தில், கடகரேகைக்குத் தெற்கே உள்ளது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டுப் பிற்பகுதி வரை அங்கே நண்பகற் சூரியன் உச்சிக்கு வடபுறம் நிற்கும். டெல்லி 28.6 பாகையில், கடகரேகைக்கு அப்பால் இருப்பதால் இங்கே அது ஒருபோதும் நிகழாது. ஈரிடத்து வானத்தையும் கண்ணால் அளந்து வைத்திருந்தார் அவர். நம் பாடத்திட்டம் அத்தகையவரிடம் எதையேனும் கேட்டதுண்டா?

புவியியல் வகுப்பில் நான்கு பருவங்கள். தமிழ் வகுப்பில் கார் முதலாக ஆறு பெரும்பொழுதுகள். இரண்டையும் ஒரே பிள்ளை மனப்பாடம் செய்கிறது. அச்சுச் சாய்வு தரும் ஒழுங்கோடு காற்றும் கடலும் சேர்ந்தே ஓரிடத்தின் பருவத்தை ஆக்குகின்றன என்றும், அதனால்தான் டெல்லிக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரையும் விழுப்புரத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் பெருமழை என்றும் எடுத்துச்சொல்ல ஆளில்லை.

இனிப் பேராசிரியரின் கேள்விக்கு வருகிறேன். வீடுகள் இடிக்கப்பட்ட ஜூன் 1 அன்று டெல்லியின் நண்பகற் சூரியன் 83 பாகை உயரத்தில் நின்றது. அவ்வுயரத்தைத் தீர்மானித்தது புவியின் சாய்வு. அந்த நாளைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள். இவ்விரண்டையும் பிரித்தறியும் பிள்ளையிடம், "வெயில் காலம், என்ன செய்வது" என்று சொல்லித் தப்பிக்க எவராலும் இயலாது. ஐயா கேட்ட பயன் இதுவே. வீடில்லாதவர்களுக்கு வானியல் வேண்டாம் என்று நாம் முடிவு செய்தால், அவர்கள் இழந்தவற்றின் பட்டியலில் இன்னொன்றை நாமே சேர்த்தவர்களாவோம்.

நரேலா, ஜங்புராவுக்குக் கால் பாகைதான் வடக்கே. டிசம்பர் நிழல் அங்கே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும், அவ்வளவே. ஆனால் பிள்ளைகள் படித்துவந்த தமிழ்ப் பள்ளி நாற்பது கி.மீ. தள்ளிப்போய்விட்டது. வரும் டிசம்பர் 22 அன்று நான் கழியோடு நரேலா செல்கிறேன். உடன்வர இயலாத ஆசிரிய நண்பர்கள் அன்று தத்தம் கல்லூரி முற்றத்தில் ஒரு கழியை நட்டு, நிழலை அளந்து, கீழே பதிவிடுங்கள். முட்டை வடிவப் படத்தை அதன்பிறகு கரும்பலகையில் வரையலாம்.