நடுக்கம் பிறக்கும் இடம்



சங்கிலி இன்றி, சுழலும் தண்டு ஒன்றினாலேயே பின்சக்கரத்தை இயக்கும் மோட்டார் சைக்கிள்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. ஜெர்மனியில் 1923-ஆம் ஆண்டு வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 32 வண்டியிலேயே இவ்வமைப்பு இருந்தது. சங்கிலிக்கு எண்ணெயிடும் தொல்லை இதில் இல்லை. ஆயின், பழுது நேர்ந்தால் அது உறைக்குள் ஒளிந்துகொள்ளும்.

நாகபுரியில் எங்கள் குடியிருப்பில் வாழும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் அத்தகைய பழைய வெளிநாட்டு வண்டி ஒன்று உண்டு. தந்தையாரின் சதாபிஷேகத்திற்கு மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அதிலேயே ஊர் செல்ல எண்ணியிருந்தார். மணிக்கு 72 கிலோமீட்டரை எட்டியதும் கால் வைக்கும் இடத்தில் நடுக்கம் கண்டது. பட்டறையில் இரண்டு டயர்களையும் மாற்றினார்கள். பணம் போயிற்று, நடுக்கம் போகவில்லை. புறப்பட எட்டு நாட்களே இருந்தன.

"அண்ணாச்சி, நின்றபடி இஞ்சினை முடுக்கினால் நடுங்குகிறதா?" என்றேன்.

"இல்லை, தம்பி."

"அதே வேகத்தில் கியரை மாற்றினால்?"

"அப்போதும் நடுங்கத்தான் செய்கிறது."

கியர் மாறினால் இஞ்சினின் சுழற்சி மாறும், நடுக்கமோ மாறவில்லை. ஆகவே இஞ்சின் குற்றவாளியன்று. ஆளில்லாச் சாலையில் கிளட்சைப் பிடித்து உருட்டிப் பார்த்தார். நடுக்கம் குறைந்ததே தவிர, நிற்கவில்லை. குற்றம் கிளட்சுக்குப் பின்னால்தான் என்பது உறுதியாயிற்று.

பின்னர் ஒரு சிறு கணக்கு. 72 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 20 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். எனவே சக்கரம் நொடிக்கு 10 முறை சுழலும். அவ்வண்டியில் சக்கரம் ஒரு முறை சுழலத் தண்டு ஏறத்தாழ மூன்று முறை சுழலவேண்டும். ஆகத் தண்டிற்கு 30. தண்டின் முனையிலுள்ள கிராஸ் ஜாயின்ட் பழுதானால், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை அதிரும், ஆக 60. டயரின் கோளாறு தடதடவென்று தெரியும், இதுவோ ரீங்காரம். அண்ணாச்சியின் பாதம் உணர்ந்தது ரீங்காரமே.

மறுநாள் வேறொரு மெக்கானிக் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார், ஆட்டமில்லை. தண்டின் ரப்பர் உறையைக் கழற்றினார். உறையில் வெடிப்பு, உள்ளே மழைநீரும் துருவும். ஜாயின்டின் ஊசி பேரிங்குகள் இறுகி, ஒரு பக்கம் மடங்க மறுத்தன. அது ஓட்டத்தில் முறிந்திருந்தால் பின்சக்கரமே பூட்டிக்கொண்டிருக்கக் கூடும். பின்னால் அமர்ந்திருப்பவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன்!

புதிய தண்டு வந்து சேர ஒரு மாதமாகும் என்றார்கள். தந்தையும் மகனும் ரயிலிலேயே சென்று, பாட்டனாரின் ஆசியைப் பெற்றுத் திரும்பினர்.

வண்டியில் புதிய நடுக்கம் கண்டால், பணப்பையைத் திறக்குமுன் ஒரு தாளை எடுங்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், கிளட்சைப் பிடித்தபோது எப்படி, கடைசியாக எப்போது பட்டறைக்குப் போயிற்று என்று வரிசையாகக் குறியுங்கள். மெக்கானிக்கிடம் வண்டியோடு அத்தாளையும் கொடுங்கள். காரணம் தெரியும்வரை பின்னிருக்கையில் எவரையும் ஏற்றாதீர்கள்.