வேலையோடு போகும் வீடு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வாடகை பழக்கமில்லாத கணக்கு. கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, கொழுந்து பறிக்க வந்த நம்மவர்களுக்குத் தோட்டமே லயன் வீடு கொடுத்தது. ஆனால் அந்த வீடு ஆளுக்குக் கொடுத்தது அல்ல, வேலைக்குக் கொடுத்தது. 60 வயதில் வேலை முடிந்தால் வீட்டுச் சாவியையும் திருப்பித் தரவேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் இருந்தால் சமாளிக்கலாம். இன்று எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். பிள்ளைகள் கோலாலம்பூரில். அவருக்கு அங்கே போக மனமில்லை. "இந்தக் குளிர் பழகிப்போச்சு தம்பி, ஒரு ரூம்பு இருந்தா போதும்" என்றார். தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் இரண்டு ஞாயிறு அவரோடு அலைந்தேன். ஓர் அறை அடுக்குமாடி வீடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் பல வீடுகள் சுற்றுப்பயணிகளுக்கு நாள் வாடகையில் போகின்றன. "பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் விட்டால் உங்க மாச வாடகை வந்துடும்" என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னார். பகாங்கிலேயே பரப்பளவில் மிகச் சிறிய மாவட்டம் இது; தேடுவதற்கு வேறு ஊர்களும் அதிகம் இல்லை.

வீடு கிடைத்தாலும் முன்பணம் மலைக்க வைக்கும். இரண்டு மாத வாடகை வைப்புத் தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்பது நம் நாட்டு வழக்கம். வாடகை 600 வெள்ளி என்றால், சாவியைத் தொடுமுன் 2,100 வெள்ளி கையில் வேண்டும்.

ஆகவே 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுக்கும்போதே இந்தத் தொகையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பாமல் ஒப்பந்தம் எழுதி, 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டுங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. மலையில் ஈரம் அதிகம். அலமாரிக்குப் பின்னால் சுவர் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். குடியேறும் நாளில் படம் எடுத்து வைத்தால், வெளியேறும்போது வைப்புத் தொகையில் பிடித்தம் செய்ய வந்தால் காட்டலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வாடகைக்காரர் காலி செய்யாவிட்டால், வீட்டுக்காரர் நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டை மீட்க முடியும். தானாகப் பூட்டை மாற்றி ஆளை வெளியே நிறுத்த 1950-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் இடம் தரவில்லை.

அக்காவுக்குக் கடைசியில் ஒரு கடையின் மாடியில் அறை கிடைத்தது. கடைக்காரர் நம்மவர், முன்பணத்தை மூன்று தவணையில் வாங்கிக்கொண்டார். பட்டணத்தில் மாடி வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்குச் சொல்கிறேன்: சுற்றுப்பயணி இரண்டு நாளில் போய்விடுவார். வருடம் முழுக்க மாதம் தவறாமல் வாடகை தர, தோட்டத்தில் பலர் காத்திருக்கிறார்கள்.